வலசை திரும்பும் பருவத்தில் ஒரு 8×42 இருநோக்கி

பறவை நோக்குவதற்காக வாங்கிய 8×42 இருநோக்கியை (எட்டு மடங்கு பெருக்கும், 42 மி.மீ. விட்டமுள்ள முன்வில்லைகள் கொண்ட பைனாகுலர்), குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் தொடங்கி இளவேனில் பிறக்கும் வரை விடிகாலைதோறும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். வலசை வந்த பறவைகள் பல, திரும்பிப் போகுமுன் இறகுதிர்த்து இனப்பெருக்கக் காலத்து நிறத்துக்கு மாறும் நாட்கள் இவை. ஒரு கருவி நிறத்தை உள்ளபடி காட்டுகிறதா என்பதை அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

அச்சோதனையில் இது தேறிவிட்டது. நீரோரம் இரைதேடிய மஞ்சள் வாலாட்டிகளின் வெளிறிய மார்பில் கடுகளவு மஞ்சள் திட்டுகள் அரும்பி, நாளாக ஆக அவை ஒன்றோடொன்று கூடி வயிறு முழுவதும் பரவியதை இறகு இறகாகப் பார்க்க முடிந்தது. கருவால் மூக்கன் கூட்டத்தில் ஒரு பறவையின் கழுத்தில் செங்கல் நிறம் ஏறியிருக்க, பக்கத்தில் நின்றது இன்னும் சாம்பலாகவே இருந்ததைக் கண்டு நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பத்து மடங்கு பெருக்கும் 10×42 கருவியே மேல் என்று பலர் சொல்வதுண்டு; நான் உடன்படவில்லை. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பதே கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு: 8×42இல் அது 5.25 மி.மீ., 10×42இல் 4.2 மி.மீ. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரிந்திருக்கையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. கைநடுக்கமும் எட்டு மடங்கில் குறைவாகத்தான் பெரிதாகிறது. காட்சிப் பரப்பும் பொதுவாக அகலம் என்பதால், நீர்மட்டத்தை உரசிக்கொண்டு திசைமாறிப் பறக்கும் தகைவிலான்களைத் தவறவிடாமல் பின்தொடரலாம்.

குறைகளும் உண்டு. குளிர் மிகுந்த காலைகளில் குவியத் திருகு இறுகிப் போகிறது. புதருக்குள் தாவும் கதிர்க்குருவியைக் குவியத்துக்குக் கொண்டுவருமுன் அது அடுத்த கிளைக்குப் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய குறை, வெளுத்த வானத்தின் பின்னணியில் பறவையின் விளிம்பில் தோன்றும் ஊதாக் கோடு. உயரத்தில் வட்டமிடும் பருந்தினங்களை இறகு நிறத்தால் அடையாளம் காண விரும்புவோருக்கு இது உறுத்தும்.

வாங்க நினைப்பவர்கள் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், வெளியே எடுத்துவந்து, வானத்தை ஒட்டித் தெரியும் இலையற்ற கிளை ஒன்றையும் அதன் அடியிலுள்ள நிழலையும் மாறிமாறிப் பார்ப்பது நல்லது.