1787 பிலடெல்பியா: அப்பவே தடையா, அப்புறம் பாத்துக்கலாமா?

அமெரிக்க அரசியல் சாசனம் எழுத உக்காந்தவங்க முன்னாடி, அடிமை முறைய என்ன பண்றதுங்கறதுல ரெண்டு வழி இருந்துச்சு.

ஒண்ணு, அடிமை முறைக்கு அங்கயே முடிவு கட்டுறது. பென்சில்வேனியா சார்பா வந்த கூவர்னூர் மோரிஸ் சபையிலேயே அத காட்டமா எதிர்த்துப் பேசுனாரு. ஆனா அடிமை வியாபாரத்துல கை வெச்சா நாங்க சேர மாட்டோம்னு தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் நின்னுட்டாங்க, நாடே உடைஞ்சிரும்ங்கற பயம் நிஜமாவே இருந்துச்சு.

இன்னொண்ணு, தள்ளிப் போடுறது. இதத்தான் எடுத்தாங்க, ஒன்றியமும் கெடச்சுது. ஆனா இத வெறும் தள்ளிப்போடல்னு சொல்ல எனக்கு மனசே வரல, ஏன்னா 1808 வரைக்கும் அடிமை இறக்குமதிய தடுக்க முடியாது, தப்பி ஓடுனவங்கள திருப்பி ஒப்படைக்கணும், அதோட ஓட்டே இல்லாத அடிமைகள மக்கள் தொகைக் கணக்குல அஞ்சுல மூணு பங்கா எண்ணி தெற்கு மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்துல கூடுதல் சீட்டு வேற, அந்த சீட்டுக் கணக்க வெச்சே ஜனாதிபதி தேர்தல் ஓட்டும் பிரிச்சதால அங்கயும் அவங்க கை ஓங்குச்சு.

அடிமை முறை தானா அழிஞ்சிரும்னு சில பேர் நம்புனாங்க. ஆனா 1793ல பருத்தி ஜின், அதாவது பஞ்சுலேருந்து கொட்டைய பிரிக்கிற மெஷின் வந்துச்சு, பருத்தி லாபமாச்சு, அடிமைகளுக்கான தேவையும் ஏறிருச்சு. 1790ல கிட்டத்தட்ட 7 லட்சம் அடிமைகள், 1860ல 40 லட்சத்த நெருங்கிருச்சு. அப்புறம் உள்நாட்டுப் போர், 1865ல அடிமை முறைய ஒழிச்ச 13வது சாசனத் திருத்தம்.

முழுத் தடை அன்னைக்கு நடந்திருக்காதுதான். ஆனா அதே 1787ல ஒஹாயோ ஆத்துக்கு வடக்க இருந்த புதுப் பகுதில அடிமை முறைய தடை பண்ணாங்களே, அத தெற்குப் பக்க புது நிலத்துக்கும் கேட்டு மல்லுக்கட்டியிருக்கணும்.