க்னூ சி நூலகத்தின் ஏஐஓ: முடிவை எப்படிச் சொல்கிறது?

லினக்ஸில் சி எழுதுபவர்களுக்குத் தனியாக எதுவும் நிறுவாமலே கிடைப்பது க்னூ சி நூலகத்தின் போசிக்ஸ் ஏஐஓ. கோப்பைப் படிக்கும், எழுதும் வேலையைப் பின்னணியில் விட்டுவிட்டு, நிரல் காத்திராமல் தொடர உதவும் வசதி இது. பழைய பதிப்புகளில் மட்டும் தொகுக்கும்போது -எல்ஆர்டி (-lrt) என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

படிக்கும் வேலையைக் கொடுக்கும் ஏஐஓ_ரீட் 0 திருப்பினால் படித்து முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேலை வரிசையில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முடிவு தெரிய இரண்டு படி. முதலில் ஏஐஓ_எரர்: ஓடிக்கொண்டிருந்தால் ஈஇன்ப்ராக்ரஸ், ரத்தானால் ஈகேன்சல்ட், ஒழுங்காக முடிந்தால் 0, இல்லையென்றால் பிழை எண். அந்த எண் திருப்பும் மதிப்பிலேயே வருகிறது, வழக்கமாகப் பிழை எண் வைக்கப்படும் எர்நோ மாறியில் அல்ல. அதனால் எர்நோவைப் பார்த்து அச்சிடும் பிஎரர் போட்டால் சம்பந்தமில்லாத செய்திதான் அச்சாகும். எண்ணைச் செய்தியாக மாற்றும் ஸ்ட்ர்எரரிடம் அந்த எண்ணைக் கொடுங்கள்.

அடுத்து ஏஐஓ_ரிட்டர்ன். வேலை முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை. பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். 4096 பைட் கேட்டு, கோப்பில் 1500தான் மிச்சம் என்றால் ஏஐஓ_எரர் 0 என்றே சொல்லும். 1500 என்பது ஏஐஓ_ரிட்டர்னில்தான் தெரியும். பார்க்காமல் விட்டால், பஃபரின் மீதி 2596 பைட்டில் முன்பு கிடந்த குப்பையையும் தரவு என்று நம்பி எடுத்துக்கொள்வீர்கள்.

காத்திருக்க ஒய்ல் சுற்றில் ஏஐஓ_எரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் சிபியு வீணாகும். வேலை முடியும்வரை நிறுத்திவைக்கும் ஏஐஓ_சஸ்பெண்ட் போதும், சிக்னல் குறுக்கிட்டால் அது -1 திருப்பி எர்நோவில் ஈஇன்டர் வைக்கும், மறுபடி கூப்பிட வேண்டும். வேலையின் விவரங்களை வைக்கும் ஏஐஓசிபி கட்டமைப்பை, வேலையைக் கொடுக்குமுன் மெம்செட்டால் சுழியாக்குங்கள். அதை உள்ளூர் மாறியாக வைத்துவிட்டு, வேலை முடியுமுன் ஃபங்ஷனை விட்டு வெளியேறினால் ஸ்டேக் கெடும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

முடிவைச் சொல்லும் முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, தெளிவானது. வேகம்தான் குறை. பின்னால் ஓடுவது சாதாரணத் திரெட்டுகள், இயல்பாக 20 வரை. ஒரே கோப்பு விவரிப்பிக்கு (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) வரும் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். நாலைந்து கோப்புகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே பெரிய கோப்பில் நூறு இடங்களில் படிக்க வேண்டுமென்றால் வேண்டாம்.

அதற்கு லிப்யூரிங். 2019இல் லினக்ஸ் 5.1 உடன் வந்த, இதே வேலையைச் செய்யும் ஐஓ_யூரிங் என்ற கர்னல் வசதியின் துணை நூலகம் இது. இங்கே முடிவு, முடிந்த வேலைக்கான பதிவான சிக்யூஈயின் ரெஸ் என்ற ஒரே இடத்தில்: சுழியோ நேர்மமோ என்றால் பைட் எண்ணிக்கை, எதிர்மம் என்றால் குறி மாற்றிய பிழை எண். படித்ததும் ஐஓ_யூரிங்_சிக்யூஈ_சீன் கூப்பிட மறந்தால் அந்த இடம் காலியாகாது, அடுத்த முறையும் அதே பழைய முடிவுதான் கைக்கு வரும்.