ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை வந்த ஃபைபர்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. வீட்டுக்கு ஃபைபர் லைன் (கண்ணாடி இழை வழியாக வருகிற இன்டர்நெட்) வந்த பிறகு கிடைக்கிற சேவைக்கு ஐந்துக்கு நான்கு. லைன் வரும்வரை பட்டதற்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் வேலைக்கு வந்த லைன்மேன் தம்பிக்காகத்தான். கம்பெனி பேரைப் போடவில்லை. மூன்று கம்பெனிகளுக்கு நடந்தேன், மூன்றும் ஒரே அச்சு, அதில் ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாருக்கும் குலசேகரத்துக்கும் இடையில். ரோட்டிலிருந்து இறங்கி, ஒரு ரப்பர் விளையை (தோட்டத்தை) தாண்டி, இடவழியில் உள்ளே வரவேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸார் வீடு (ரிட்டயர்டு வாத்தியார், ஊருக்கே ஸார்), அடுத்து ஒரு கல்ஃப்காரர் வீடு, முனையில் பேக்கரி. அந்த மூன்றிலும் ஃபைபர் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பக்கம் நான்கு வீடு, ஒன்றிலும் அப்போது கிடையாது. ஸார் வீட்டு ரூட்டருக்கும் என் மேசைக்கும் நேராக அளந்தால் 200 மீட்டர் இருக்காது. ராத்திரி அவர் வீட்டில் நியூஸ் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

என் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். ஒரு கல்யாணத்துக்கு எப்படியும் 20 ஜிபி அனுப்பவேண்டி வரும். பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டில் அப்லோடு அரை எம்பிபிஎஸ். அதில் 20 ஜிபி ஏற்ற, ஒரு தடவைகூட அறுந்துபோகாமல் இருந்தால், கிட்டத்தட்ட நான்கு நாள். அதனால் ஹார்ட் டிஸ்க்கை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி பைக் சீட்டுக்கு அடியில் வைத்து மார்த்தாண்டத்தில் இருக்கிற நண்பன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்பிவிட்டு வருவேன், ஆனி ஆடி மழையிலும் அதே பிழைப்புதான். செல்போன் நெட்டை நம்பலாம் என்றால் வீடு குழியில் இருக்கிறது, சுற்றிலும் ரப்பர். மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைத்தால் இரண்டு கட்டை வரும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊர் மொத்தமும் ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்ததும் அதுவும் படுத்துவிடும்.

வெப்சைட்டில் பின்கோடு போட்டால் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று பச்சை டிக் வருகிறது. அதை நம்பி 500 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஒரு பின்கோடுக்குள் எத்தனை குன்று, எத்தனை விளை இருக்கிறது என்று அந்த டிக்குக்குத் தெரியாது. நாலாம் நாள் ஒருவர் வந்தார், ரோட்டிலேயே பைக்கை நிறுத்தினார், விளையைப் பார்த்தார், ‘ஃபீசிபிலிட்டி இல்லை ஸார்’ (லைன் கொடுக்க வழியில்லை) என்றார், போய்விட்டார். முன்பணம் திரும்பி வர ஏழு வாரம். நடுவில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று இரண்டு தடவை மெசேஜ் வந்தது, என்னத்தைத் தீர்த்தார்களோ. அடுத்த கம்பெனி போனை எடுக்கவே இல்லை. மூன்றாவது, நம்ம ஊர் கேபிள்காரர் வழியாக லைன் கொடுக்கிற கம்பெனி. அவர் ஒருத்தர்தான் காரணத்தைச் சொன்னார்.

காரணம் இதுதான். ஃபைபரில் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வீடு தனி இழை வருவதில்லை. ஒரு இழை கிளம்பும், வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்து எட்டாகப் பிரிப்பார்கள், அதில் ஒவ்வொன்றையும் மறுபடி நாலோ எட்டோ ஆக்குவார்கள். இப்படி 32 அல்லது 64 வீடுகள் ஒரே இழையின் 2.5 ஜிபிபிஎஸ்ஸைப் பங்குபோடும். பிரிக்கப் பிரிக்க வெளிச்சம் குறையும், எட்டாகப் பிரித்தாலே 10 டெசிபல் போய்விடும், அதாவது வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு கிளைக்கும். அதனால் ஒரு பெட்டியில் இஷ்டத்துக்கு ஆள் சேர்க்க முடியாது. பேக்கரி பக்கத்துப் போஸ்ட்டில் தொங்குகிற பெட்டியில் எட்டு போர்ட் (வீட்டுக்கு ஒன்றாக வயர் குத்துகிற துளை), எட்டும் நிறைந்துவிட்டது. ஒன்பதாவது ஆளாக நான் போய் நின்றால் இடம் இல்லை.

இன்னொரு காரணம் நம்ம மாவட்டத்துக்கே உரியது. மதுரை, திருச்சிப் பக்கம் தெரு இருக்கும், தெரு நெடுக வீடு இருக்கும், ஒரு கேபிளை இழுத்தால் இரண்டு பக்கமும் நாற்பது வீடு. இங்கே தெரு எங்கே இருக்கிறது? ஒரு விளைக்குள் ஒரு வீடு, கையாலைக்கு (எல்லைச் சுவருக்கு) அந்தப் பக்கம் இன்னொரு விளை, அதற்குள் இன்னொரு வீடு. நாலு வீட்டுக்காக 150 மீட்டர் கேபிளும் மூன்று போஸ்ட்டும் எவன் போடுவான்? ஈபி போஸ்ட்டில் கட்டக் கூடாது என்று வேறு சொன்னார்கள். (ரோடு முழுக்க ஈபி போஸ்ட்டில்தான் தொங்குகிறது. அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.) பக்கத்து வீட்டு மாமன், பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஃபைபர் வந்திருக்கே, அங்கேயிருந்து இழுத்தா என்ன என்று கேட்டார். அது பாரத்நெட், கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுவருகிற மத்திய அரசுத் திட்டம். ஊராட்சி வரை கொண்டுவருவதுதான் அந்தத் திட்டத்தின் முதல் வேலை, அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க இன்னொரு ஆள் வேண்டும், அந்த இன்னொரு ஆளைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

கேபிள்காரர் வழி சொன்னார்: நாலு வீடும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் உங்கள் பக்கம் புதுப் பெட்டி ஒன்று வைக்கலாம். நாலு வீட்டையும் சேர்க்க ஒரு மாதம். ஒரு வீட்டில் நெட் வேண்டாம், டிவி மட்டும் போதும் என்றார்கள். அம்மச்சி வீட்டில் மகன் துபாயிலிருந்து வீடியோ கால் போடுவான் என்று சொன்னதும் உடனே சரி. மிச்சம் இருந்தது ரப்பர் விளைக்காரர். அவர் எல்லைக்கு மேலே வயர் போகவேண்டும். ‘மக்கா, எனக்கு மரம் முறிக்கணும். ஒரு மரம் விழுந்து உன் வயரு அறுந்தா என்னையக் குத்தம் சொல்லப்பிடாது’ என்றார். சொல்ல மாட்டேன் மாமா என்று பால்புரை (ரப்பர் பால் உறைய வைக்கிற கொட்டகை) வாசலில் நின்று சத்தியம் செய்யாத குறை. கையாலை ஓரமாகவே வயர் போகும், மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம் என்ற பேச்சில் முடிந்தது.

வேலைக்கு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ஸ்ப்ளைசிங் மெஷின், இழைகளை ஒட்டுகிற மெஷின். தூறல் பிடித்துக்கொண்டது, மெஷின் நனையக் கூடாது என்பதால் குடை பிடித்தது நான். கறுப்புத் தோலை உரித்து, உள்ளே இருந்த இழையை ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைத்து, கட்டரில் ஒரு ‘டிக்’. மெஷினின் குட்டித் திரையில் இரண்டு முனைகளும் இரண்டு தெங்குத் தடி மாதிரி பெரிதாகத் தெரிந்தன, மெல்ல நெருங்கின, ஒரு பொறி, ஒட்டிவிட்டது. அசலில் அந்தக் கண்ணாடி இழை 125 மைக்ரான், தலைமுடி கனம்; அதற்குள்ளும் வெளிச்சம் ஓடுகிற பகுதி 9 மைக்ரான்தான். வெட்டி விழுந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக டேப்பில் ஒட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். குழந்தைகள் காலில் ஏறினால் எடுக்க முடியாது அண்ணே என்றான். இதற்காகத்தான் அந்த ஒரு மார்க்.

முதல் வாரம் சரியில்லை. சாயங்காலம் ஆனால் வீட்டு மோடம் பெட்டியில் சிவப்பு லைட் மினுக்கும், நெட் போகும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும். கஸ்டமர் கேரில் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன், மறுபடி பண்ணச் சொன்னார்கள். தம்பிக்கு நேராகப் போன் போட்டேன். வந்து வெளிச்சத்தின் பலத்தை அளக்கிற மீட்டரை வைத்தான்: மைனஸ் 28 (டெசிபல் கணக்கு, மைனஸ் கூடக்கூட வெளிச்சம் குறைவு). அது மோடம் தாங்குகிற கடைசி எல்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்த வயரை, மிச்சம் தொங்குகிறதே என்று நானே அழகாக ஒரு ஆணியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தேன். இழையை அப்படி ஒடித்து வளைத்தால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடுமாம். சுற்றை அவிழ்த்துத் தட்டு அளவுக்குப் பெரிய வட்டமாக விட்டான், மைனஸ் 21. அன்றோடு சிவப்பு லைட் போயிற்று. ஆக கம்பெனியைத் திட்டி நான் எழுதிவைத்திருந்த ஒரு பத்தியை அடித்துவிட்டேன்.

ஸ்பீடு: 100 எம்பிபிஎஸ் பிளான். கேபிள் குத்திப் பார்த்தால் 94 வரும், அதற்கு மேல் ஏறாது, ஏனென்றால் அவர்கள் கொடுத்த பெட்டியின் போர்ட்டே 100க்கு உள்ளதுதான். அப்லோடும் அதே அளவு, எனக்கு முக்கியம் அதுதான். 20 ஜிபி அரை மணி நேரத்தில் போய்விட்டது. முதல் தடவை போனபோது எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து ஃபைலைத் திறந்து சரிபார்த்தேன். டவுன்லோடில் 12 எம்பிதானே காட்டுகிறது, 100 எங்கே என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். அது பைட், பிளானில் சொல்வது பிட், எட்டால் வகுக்கவேண்டும். வெட்டுக்கல் சுவர் உள்ள பழைய வீடுகளில் வைஃபை இரண்டாவது அறையைத் தாண்டாது, அதற்கு ஃபைபரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

முன்பெல்லாம் ஐப்பசி இடிக்கு மோடம் போகும், எனக்கே இரண்டு போயிருக்கிறது. கண்ணாடி வழியாக மின்னல் வராது, அது நிம்மதி. ஆனால் அடாப்டர் ஈபி லைனில்தானே இருக்கிறது, அதனால் இடி தொடங்கினால் இப்போதும் பிடுங்கிவிடுகிறேன். கரண்ட் போனால் ஓட 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். அது வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, கேபிள்காரரிடமும் கரண்ட் இருக்கவேண்டும். அவர் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குகிறது, அதற்கப்புறம் ஊரே இருட்டு. ஒரு மார்க் குறைத்தது இதற்காக. தென்னை மட்டை விழுந்து இதுவரை ஒரு தடவை வயர் அறுந்தது, மறுநாள் மத்தியானத்துக்குள் ஒட்டிவிட்டார்கள்.

செலவு: மாதம் 499, அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 589. இணைப்புக்கு 1500. முதல் 100 மீட்டர் கேபிள் அவர்கள் கணக்கு, அதற்கு மேல் நான்கு வீடும் பகிர்ந்தோம்.

உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்றால் வெப்சைட்டைப் பார்க்காதீர்கள். போஸ்ட்டில் தொங்குகிற பெட்டியைப் பாருங்கள், எத்தனை போர்ட் காலி என்று லைன்மேனிடம் கேளுங்கள். எங்கள் புதுப் பெட்டியில் எட்டில் நான்கு இன்னும் காலி. இடவழிக்கு மேலே இருக்கிற வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவையுங்கள். விளைக்காரர் தை மாதம் மரம் முறிக்கப்போகிறாராம். வயர் என்ன ஆகிறது என்று அப்போது வந்து எழுதுகிறேன்.