எஃப்எல்-41 கண்ணாடி: விஷுவல் ஸ்னோ உள்ள பிள்ளைக்கு வாங்கலாமா?

சிக்னல் இல்லாத பழைய டிவித் திரையைப் போல, பார்வை முழுக்க நுண்புள்ளிகள் ஓயாமல் மினுங்கிக்கொண்டே இருப்பதுதான் விஷுவல் ஸ்னோ. இது உள்ள பிள்ளைகள் பலருக்கு வெளிச்சமும் ஆகாது. கண் கூசும், தலை வலிக்கும். அவர்களுக்கென்று பரிந்துரைக்கப்படும் பொருள்களில் அதிகம் பேசப்படுவது எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண் கூச்சத்துக்கு இது நல்ல பொருள். புள்ளிகள் மறைந்துவிடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

காரணம் எளிது. புள்ளிகள் கண்ணில் உருவாவதில்லை. பார்வைத் தகவலை மூளை கையாளும் விதத்தில் உருவாகின்றன. அதனால்தான் விழித்திரைப் பரிசோதனையும் பார்வைக் கூர்மையும் சரியாகவே இருக்கும். "கண்ணில் ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்னால், பிள்ளை கதை கட்டுகிறது என்று அர்த்தமில்லை. பிறந்ததிலிருந்தே இப்படிப் பார்க்கும் பிள்ளை, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமலே இருந்துவிடுவதும் உண்டு.

கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் கண் மருத்துவரையும், தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். விஷுவல் ஸ்னோதான் என்று அவர்கள் உறுதிசெய்ய, புள்ளிகள் 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அதோடு, பார்த்த பொருளின் பிம்பம் தங்கி நிற்பது, இருட்டில் பார்வை மங்குவது, வெளிச்சக் கூச்சம், கண்ணுக்குள் மிதக்கும் நிழல்களும் பொறிகளும் மிகையாகத் தெரிவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால், திடீரென்று தொடங்கினால், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால், காலைத் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, தள்ளாட்டம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருட்டில் பார்வை மங்குவது விழித்திரை நோயாலும் வரலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இனி கண்ணாடிக்கு வருவோம். எஃப்எல்-41 சாயம் முக்கியமாக 480 முதல் 520 நானோமீட்டர் வரையுள்ள நீல-பச்சை ஒளியைக் குறைக்கிறது. கூச்சத்தையும் ஒற்றைத் தலைவலியையும் அதிகம் தூண்டுவது இந்தப் பகுதி. "ப்ளூ கட்" என்று விற்கும் கம்ப்யூட்டர் கண்ணாடி வேறு. அது பெரும்பாலும் இதைவிடக் குறைந்த அலைநீளத்தைத்தான், அதுவும் கொஞ்சமாகத்தான், வடிகட்டும். பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், எந்த அலைநீளத்தில் எத்தனை சதவீதம் ஒளி ஊடுருவுகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். காட்ட முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் இதற்குச் சான்று உண்டா? ஒற்றைத் தலைவலிக்கு உண்டு. 1991-இல் வெளியான ஆய்வில் சில பிள்ளைகளுக்கு இந்த இளஞ்சிவப்புக் கண்ணாடியும், மற்றவர்களுக்கு அதே அடர்த்தியில் நீலக் கண்ணாடியும் தந்தார்கள். முதல் மாதத்தில் இரு தரப்புமே தேறியது. 4 மாதம் கழித்து இளஞ்சிவப்புக் குழுவில் மட்டுமே பலன் நிலைத்தது. மாதம் சராசரியாக 6.2 முறை வந்த தலைவலி 1.6 ஆகக் குறைந்திருந்தது. பெற்றோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: முதல் மாத முன்னேற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விஷுவல் ஸ்னோவுக்கு இதுதான் ஒரே நிறம் என்றும் இல்லை. 2016-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் பெரும்பாலோருக்கு மஞ்சள்-நீல வரிசைச் சாயங்களே இதமாக இருந்தன. ஆகவே பவர் போட்ட லென்ஸுக்குச் சாயம் ஏற்றும் முன், இருக்கும் கண்ணாடிமேல் மாட்டும் கிளிப்பை வைத்து இரண்டு மூன்று நிறங்களைச் சோதித்துவிடுங்கள்.

சோதிக்கும் முறை முக்கியம். பிள்ளைக்கு உண்மையில் தொல்லை தரும் அதே விளக்கின் கீழ், அதே புத்தகத்தை, 20 நிமிடம் கண்ணாடியோடும் மறுநாள் கண்ணாடி இல்லாமலும் படிக்கச் சொல்லுங்கள். "புள்ளி குறைஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்; அந்தக் கேள்வியே கவனத்தைப் புள்ளிகள்மேல் திருப்பிவிடும். "எதுல படிக்க சுகமா இருந்துச்சு?" போதும். தலைவலி வந்த நாள்களைக் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள்.

லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். பந்து பட்டாலும் எளிதில் சிதறாது. பின்பக்கத்திலும் எதிரொளித் தடுப்புப் பூச்சு கேளுங்கள், இல்லையென்றால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். சட்டம் மூக்கிலிருந்து வழுக்கினால் மேலிடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்து, சாயத்தின் பயன் பாதி போய்விடும்.

அதிகம் கெடுப்பது அளவுக்கு மீறிய பயன்பாடு. நாள் முழுக்க, அதுவும் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் கூடும். எஃப்எல்-41 அவ்வளவு கருமையானதில்லை என்றாலும், குழல்விளக்கு, திரை, வெயில் போன்ற தொல்லை தரும் நேரங்களுக்கு மட்டும் போதும். இரவில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் கழற்றிவிடுங்கள். இருட்டில் ஏற்கெனவே திணறும் கண்ணுக்கு இருக்கும் வெளிச்சத்தையும் குறைக்கக் கூடாது. ஓவியம் வரையும்போதும் நிறம் மாறித் தெரியும்.

செலவில்லாத சில மாற்றங்களும் கண்ணாடிக்கு இணையாக உதவும் என்பது எங்கள் கருத்து. பளீர் வெள்ளைத் தாளுக்குப் பதில் வெளிர்மஞ்சள் தாள், திரையில் சாம்பல் பின்னணி, வகுப்பில் ஜன்னலையும் பளபளக்கும் பலகையையும் நேரே பார்க்காத இடம். கும்மிருட்டிலும் வெற்றுச் சுவரிலும் புள்ளிகள் கூடுதலாகத் தெரியும் என்பதால் படுக்கையறையில் மங்கலான மஞ்சள் விளக்கு வைக்கலாம். காதில் இரைச்சலும் இருந்தால் மின்விசிறிச் சத்தம் அதை அமுக்கும். பள்ளிக்குக் கடிதம் தரும்போது, வகுப்பில் கண்ணாடி அணிய அனுமதியோடு இருக்கை மாற்றத்தையும் சேர்த்தே கேளுங்கள்.