கூடு 736, அடிச்சட்டம் வேறு: பழைய லயனல் இன்ஜின் வாங்குபவர்கள் கவனிக்கவும்

போன மாதம் நியூஜெர்சியில் ஒரு பழைய பொம்மை ரயில் சந்தையில் 380 டாலர் கொடுத்து ஏமாந்தேன். லயனல் என்ற அமெரிக்க பொம்மை ரயில் கம்பெனியின் நீராவி இன்ஜின் பொம்மை, 736 பெர்க்‌ஷயர். '1950 மாடல், ஒரு ஸ்குரூகூட கழற்றினதில்லை' என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். கேபின் சன்னலுக்குக் கீழே 736 பளிச்சென்று இருந்தது, அட்டைப்பெட்டியிலும் அதே எண். நம்பிவிட்டேன்.

வீட்டில் ஆறு பெட்டிகளைக் கோத்து ஓட்டினால் மேட்டில் ஏறவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றுகிறது. 736-க்குப் பெயரே அந்த இழுவைதான். சக்கரங்களைக் காந்தமாக்கி, தண்டவாளத்தின் தகரத்தைப் பிடித்துக்கொள்ள வைக்கும் மேக்னி-டிராக்‌ஷனை லயனல் 1950-ல் இந்த இன்ஜினிலேயே வைத்திருந்தது. சந்தேகப்பட்டு ஒரு பேப்பர் கிளிப்பைச் சக்கரத்தில் வைத்தேன். விழுந்துவிட்டது. எட்டு இயக்கு சக்கரங்களிலும் வைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் ஒட்டவில்லை.

கடைக்காரரிடம் போனில் கேட்டதற்கு, 'பழசாச்சே, காந்தம் வலு இழந்திருக்கும்' என்றார். அப்படி நடப்பது உண்டு என்பதால் உடனே சண்டை போடவில்லை. இந்த இன்ஜின்களைப் பல காலமாகப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கழற்றிக் காட்டினார்: உள்ளே காந்தமே கிடையாது. கொரியப் போரால் அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத்துக்குத் தட்டுப்பாடு வந்த 1952-ல், லயனல் இதே இன்ஜினைக் காந்தம் இல்லாமல் 726ஆர்ஆர் என்று விற்றது. சக்கரமும் மோட்டாரும் உள்ள அதன் அடிச்சட்டத்தில் 736-இன் மேல்கூட்டை மாட்டியிருக்கிறார்கள். இரண்டும் அப்படியே பொருந்தும். கழற்றாததாகச் சொன்ன ஸ்குரூக்களின் தலையெல்லாம் சிதைந்து கிடந்தன.

இன்ஜினுக்குப் பின்னால் கோக்கும் நிலக்கரி-தண்ணீர்ப் பெட்டியான டெண்டரின் சக்கரங்களையும் நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 1950-ல் இந்த இன்ஜினோடு வந்தது 12 சக்கர 2671டபிள்யூஎக்ஸ். எனக்குக் கொடுத்ததோ பிந்தைய வருடங்களில் வந்த 8 சக்கர 2046டபிள்யூ. டெண்டர் மட்டும் மாறியிருந்தால் விட்டிருப்பேன். எழுபது வருடத்தில் ஜோடி மாறுவது சகஜம். லயனலின் ஹில்சைடு தொழிற்சாலையிலேயே மிச்சமிருந்த பழைய பாகங்களை அடுத்த வருட இன்ஜினில் போட்டு முடித்ததும் உண்டு. அது குற்றமில்லை. ஆனால் காந்தமில்லாத அடிச்சட்டம் 1950-இன் 736-ல் வர வழியே இல்லை.

சந்தைக்குப் போனால் சட்டைப்பையில் ஒரு பேப்பர் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்குமுன் இன்ஜினைத் திருப்பிப் பிடித்து எல்லாச் சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். எண் போட்ட கூட்டையும் அட்டைப்பெட்டியையும் நம்பாதீர்கள், அவை தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, 'மேசையை விட்டுப் போன சரக்குக்குப் பணம் திரும்பாது' என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார். அன்று அதே மேசையில் 736 என்று எழுதிய அட்டைப்பெட்டி இன்னும் இரண்டு இருந்தது.