மீல் மேக்கரோடு 4 வருஷம்

மிக்ஸி ஜார் நேற்றுதான் ரிப்பேர் கடையிலிருந்து வீடு திரும்பியது. புஷ், பிளேடு, அடியில் இருக்கும் கப்ளர் எல்லாம் மாற்றி 480 ரூபாய். அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "அக்கா, மாமனாருக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. ஆட்டுக்கறியே கூடாதுன்னுட்டாங்க. மீல் மேக்கர்ல செஞ்சா கறி மாதிரி வருமா?" வரும் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், வராது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். குழம்பிவிட்டாள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நைனா துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார். தொடைக்கறி அரைக் கிலோ, நல்லி தனியாக, மனசு வந்தால் ஈரல். 4 வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆட்டுக்கறி, ஈரல், மூளை எதுவும் வேண்டாம், மீன் என்றால் குழம்பாக மட்டும் என்று டாக்டர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, நைனா ஒவ்வொன்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "போட்டிய சொல்லலையே கண்ணு" என்றார், ஆட்டுக்குடலைத்தான்.

அப்படித்தான் மீல் மேக்கர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

என் புகார் எல்லாம் அதன் வாடை மேல்தான். ருசியைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு ருசியே கிடையாது. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கித் தள்ளி எடுப்பதுதான் இந்த உருண்டை. சோயாவை உடைக்கும்போதே அதில் இருக்கும் ஒரு நொதி கொழுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சை வாடையைக் கிளப்பிவிடும். எண்ணெய் போன பிறகும் அது முழுசாகப் போவதில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்ட அடுத்த நிமிஷம், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை அடுப்பில் காய வைத்தது போல ஒரு நாற்றம். முதல் ஞாயிறு நான் பாக்கெட்டில் போட்டிருந்தபடியே ஊற வைத்து, லேசாகப் பிழிந்து குழம்பில் போட்டேன். நைனா ஒரு துண்டு கடித்தார். "இன்னா கண்ணு, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு குழம்புல வுழுந்துடுச்சா?"

4 வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது முக்கால்வாசி பிழிவதுதான். மஞ்சள்தூளும் உப்பும் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க விடணும். வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, உள்ளங்கையில் நாலைந்தாக வைத்துப் பிழியணும். முதல் பிழிசலில் மஞ்சளாக, நுரையோடு வரும். திரும்பத் தண்ணீர் ஊற்றி இன்னொரு தரம். மூன்றாவது தரத்தில்தான் தண்ணீர் தெளியும். இதில் சோம்பேறித்தனம் பண்ணினால் உருண்டைக்குள் சோயாத் தண்ணீரே உட்கார்ந்திருக்கும், குழம்பு உள்ளே போக இடம் இருக்காது. கடித்தால் வாயில் வெந்நீர் பீய்ச்சும். மணிக்கட்டு வலிக்காமல் பிழிந்திருந்தால் சரியாகப் பிழியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெரிய உருண்டையாக வாங்கிக் கையால் பிய்க்கணும். கத்தியால் நறுக்கினால் வெட்டின பக்கம் வழவழவென்று நிற்கும், மசாலா ஒட்டாது. பிய்த்த பக்கம் நார்நாராக இருக்கும். அதைத் தயிர், மிளகாய்த்தூள், உப்பு போட்டு அரை மணி நேரம் ஊற வைத்து, வாணலியில் ஓரம் சிவக்க வறுத்துவிட்டுத்தான் குழம்புக்குப் போகணும். கோலிக்குண்டு சைஸில் வரும் சின்ன உருண்டையைக் கறிக்குழம்பில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பாக்கெட்டில் நூறு கிராமுக்குப் புரதம் 52 கிராம் என்று போட்டிருக்கும். அது காய்ந்த உருண்டைக்கு. ஊறினால் மூன்று மடங்கு கனக்கும். ஆளுக்கு 25 கிராம் காய்ந்தது என்று கணக்கு வைத்தால் 13 கிராம் புரதம். வயசானவருக்கு அது நல்ல கணக்குதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. ஆட்டுக்கறி குழம்புக்குக் கொடுக்கும். கொழுப்பு உருகும், எலும்பிலும் சவ்விலும் இருப்பது கரைந்து குழம்பு விரலில் ஒட்டுகிற பதத்துக்கு வரும். மீல் மேக்கரோ குழம்பில் இருப்பதை உறிஞ்சிக்கொண்டு, தட்டில் வெறும் தண்ணீரை விட்டுவிடும். அதைச் சரிக்கட்ட நான் நல்லெண்ணெயை ஊற்றினேன், தேங்காய் அரைத்தேன், முந்திரி அரைத்தேன், உப்பும் கூடிப்போனது. ஆறு மாசம் கழித்து செக்கப்பில் டாக்டர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க, நான் பெருமையாகச் செய்முறையே சொன்னேன். "இதுக்குப் பேசாம ரெண்டு துண்டு கறியே சாப்பிட்டிருக்கலாம்" என்றார். நைனா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இப்போது எண்ணெய் மூன்று ஸ்பூன், அதற்கு மேல் இல்லை. சின்ன வெங்காயத்தைக் கறுக்காமல், ஆனால் நன்றாகச் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குகிறேன். கெட்டிக்குப் பொட்டுக்கடலையும் கொஞ்சம் கசகசாவும். வாசனைக்குக் கல்பாசியும் மராட்டி மொக்கும். இந்தக் கல்பாசி எண்ணெயில் விழுந்ததும் எதிர்வீட்டுக்காரம்மா "இன்னா, இன்னைக்கி கறியா?" என்று கேட்டிருக்கிறார். அடுப்பில் கறியே இல்லை. கறி வாசனை என்று இத்தனை நாள் நினைத்ததில் பாதி அம்மியில் இருந்து வந்ததுதான் போல.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது முருங்கைக்காய். குழம்பு காலியாகத் தெரிகிறதே என்று ஒரு வாரம் நாலு துண்டு போட்டேன், அவ்வளவுதான். நன்றாக முற்றி, உள்ளே சதை வைத்த காய். நைனா முதல் துண்டை எடுத்தார். எடுத்ததும் தட்டு ஓரத்தில் ரெண்டு தட்டு தட்டினார். நல்லியிலிருந்து மஜ்ஜை இறங்கத் தட்டுகிற அதே தட்டு. கை தானாகப் போயிருக்கிறது. அப்புறம் பல்லால் பிளந்து, உறிஞ்சி, சக்கையைத் தட்டின் இடது பக்கம் அடுக்கினார், எலும்பை அடுக்குவது போலவே. அன்றைக்கு எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. மீல் மேக்கரோடு அவர் சண்டை போட்டதெல்லாம் ருசிக்காக இல்லை, தட்டில் அவருக்கு வேலை இல்லை என்பதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் முருங்கைக்காய் இல்லாவிட்டால் "எலும்பு எங்க?" என்று கேட்கிறார்.

மீன் விவகாரம் தனி. அது நைனாவுக்காக இல்லை, அம்மாவுக்காக. புரட்டாசி முழுக்க அம்மா கவிச்சி தொட மாட்டார். ஆனால் மீன்குழம்பு நினைப்பு மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். காராமணியை ஆறு மணி நேரம் ஊற வைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, பூண்டோடு கெட்டியாக அரைத்து, வாழை இலையில் பரத்தி மடித்து ஆவியில் வேக வைத்து, ஆறியதும் துண்டு போட்டு, புளிக்குழம்பில் இறக்குவது. வெந்தயமும் மாங்காயும் சரியாக அமைந்தால் குழம்பு அப்படியே மீன்குழம்புதான். துண்டுதான் மீன் இல்லை. அடுப்பை அணைத்த பிறகுதான் துண்டைப் போடணும். ஒரு தரம் கொதிக்கும்போது போட்டு, எல்லாம் கரைந்து, கூட்டு மாதிரி ஆகி, அதை அம்மா "சாம்பார்" என்று பெயர் வைத்துப் பரிமாறினார்.

வறுவலுக்கு வாழைக்காய். தோலை ஒரேயடியாகச் சீவாமல், நார் மட்டும் போகிற மாதிரி சுரண்டிவிட்டு, சாய்வாக வெட்டினால் வஞ்சிரம் துண்டு போலவே தோசைக்கல்லில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு வாழைக்காயோடு திரும்பி வந்த நாள் எங்கள் வீட்டில் உண்டு. பஸ் ஏறினால் ஏழுகிணறு பக்கத்தில்தான், வள்ளலார் வாழ்ந்த இடம். புலால் வேண்டாம் என்று அத்தனை சொன்னவர். நைனா அந்தத் திசையில் நடந்து நான் பார்த்ததில்லை, அவர் கால் காசிமேட்டுப் பக்கமே திரும்பும்.

கடைசியாக ஈரல். மிக்ஸியைப் பலிவாங்கியது இதுதான். பச்சைப்பயறை நாலு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரே காட்டாமல் அரைத்து, இட்லி மாதிரி ஆவியில் வேக வைத்துத் துண்டு போடணும். நிறம் சாம்பலும் பச்சையும் பழுப்புமாக, ஈரல் நிறமேதான். மிளகும் சோம்பும் இடித்துப் போட்டு வறுத்து நைனா தட்டில் வைத்தேன். என்னவென்று சொல்லவில்லை. ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "ஈரல் கொஞ்சம் ஜாஸ்தி வெந்துடுச்சு கண்ணு, இறக்கி வச்சிருக்கணும்" என்றார். 4 வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அந்தக் குறைதான். பயறு என்று சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை.

ஆனால் தண்ணீர் இல்லாமல் கெட்டியாக அரைப்பது மிக்ஸிக்கு ஆகாது. மூன்றாவது தரம் அரைக்கும்போது ஜார் அடியில் கறுப்பாகக் கசிந்தது, அப்புறம் ஒரு கருகல் வாடை, அப்புறம் சத்தம் மட்டும், பிளேடு சுற்றவில்லை. மெக்கானிக் அண்ணன் ஜாரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுல சிமென்ட் ஏதாச்சும் கலக்கினீங்களா?" என்று கேட்டார்.

ஆகவே, தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில். நீ மீல் மேக்கரே வாங்கு. மாசம் ஒரு கிலோ நானும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், மட்டன் விற்கிற விலைக்கு அது ஒன்றுமே இல்லை. வாடை வரும், பிழி. பாக்கெட்டில் ஐஸ் கட்டி வரும் தாவர இறைச்சி பக்கம் போகாதே, ஒரு தரம் வாங்கினேன், மட்டன் விலை, மாவு ருசி. முருங்கைக்காயை மறக்காதே. பச்சைப்பயறு ஈரல் நான் செய்ததிலேயே நன்றாக வந்தது, அதைச் செய்யவே செய்யாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நைனா வந்து ஜாரைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சரியாயிடுச்சா?" ஆயிடுச்சு என்றேன். "அப்ப பயறு ஊறப்போட்டுடு." கிரைண்டரில்தான் அரைப்பேன் என்று சொல்லிவிட்டேன். கிரைண்டரை யார் கழுவுவது என்று இன்னும் முடிவாகவில்லை.