கிராண்ட் ஹில் 2: முறிந்த கணுக்காலின் பெயரைத் தாங்கிய காலணி

ஃபிலா நிறுவனம் 1996இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் வெளியிட்ட கிராண்ட் ஹில் 2 கூடைப்பந்துக் காலணியை ஏழு மாதங்களாக அணிந்துவருகிறேன். வெள்ளைத் தோல், அதன்மேல் கருநீலமும் சிவப்பும், கணுக்காலை மூடி ஏறி நிற்கும் கழுத்துப் பகுதி என்று அந்தக் காலத்து அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நாடாவை மேல் துளைவரை இழுத்துக் கட்டினால், யாரோ இரு கைகளாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டதைப் போன்ற ஓர் உறுதி கிடைக்கிறது. இந்தக் காலணியைப் பற்றி எழுதும்போது என்னால் கடந்துபோக முடியாத இடமும் அந்தக் கணுக்கால்தான், ஏனென்றால் இதற்குப் பெயர் கொடுத்த வீரரின் ஆட்ட வாழ்வை இரண்டாகப் பிளந்தது அவருடைய இடது கணுக்கால்.

காயப்பட்ட ஒரு நட்சத்திர வீரரை, அவருடைய பெயருக்கு இருக்கும் விற்பனை மதிப்புக்காகவே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி கூடைப்பந்தில் அடிக்கடி எழுகிறது. கிராண்ட் ஹில்லின் விஷயத்தில் அந்த முடிவை ஓர் அணியும் எடுத்தது, ஒரு காலணி நிறுவனமும் எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகிறது என்பது என் எண்ணம்.

ஹில் 1994இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே, ஆண்டுதோறும் சிறந்த வீரர்கள் மோதும் நட்சத்திர ஆட்டத்துக்கான ரசிகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றார். அதற்கு முன் எந்தப் புதுமுக வீரருக்கும் அது வாய்த்ததில்லை. ஃபிலா அவரைத் தன் முகமாக்கிக்கொண்டது. 1997இல் அவருக்கு ஏழாண்டுகளுக்கு 8 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் கொடுத்ததாக அன்றைய செய்திகள் கூறின. டென்னிஸ் உடைகளால் அறியப்பட்டிருந்த ஓர் இத்தாலிய நிறுவனம் அமெரிக்கக் கூடைப்பந்துக் களத்தில் நைக்கி, ரீபாக் ஆகியவற்றுக்கு அருகே போய் நிற்க முடிந்ததென்றால், அதில் இந்த ஒரு மனிதரின் பங்கு மிகப் பெரியது. நிதானமான பேச்சும் கண்ணியமான நடத்தையும் கொண்டவர் என்பதால், பெற்றோர் தயங்காமல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த பெயர் அது.

2000 ஏப்ரலில், பருவத்தின் கடைசி நாட்களில், அவருடைய இடது கணுக்காலில் அடிபட்டது. அந்த வலியோடு மியாமி அணிக்கு எதிரான பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்று) ஆட்டங்களில் இறங்கியபோது எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், அந்தக் கோடையில் ஆர்லாண்டோ மேஜிக் அணி அவருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் அளித்தது, மொத்தம் சுமார் 9.3 கோடி டாலர். முறிவை அறிந்தே எடுத்த முடிவு இது. அதே கோடையில் டிரேசி மெக்கிரேடி என்ற இன்னொரு வீரருக்கும் ஏறத்தாழ அதே தொகை கொடுக்கப்பட்டது. என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2000-01 பருவத்தில் அது 3.55 கோடி டாலர். இந்த இருவரின் ஊதியமே அதில் பாதிக்கும் மேல் பிடித்துக்கொண்டது.

பின் நடந்ததை எண்களே சொல்லிவிடும். ஆர்லாண்டோவில் முதல் பருவத்தில் ஹில் ஆடியவை 4 ஆட்டங்கள். அடுத்ததில் 14, அதற்கடுத்து 29. 2003-04இல் ஒன்றுகூட இல்லை. பிறகு 67, 21, 65. ஏழு பருவங்களில் பிளேஆஃப் நீங்கலாக அணி ஆடிய 574 ஆட்டங்களில் அவர் களமிறங்கியது 200 மட்டுமே. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 4.6 லட்சம் டாலர்.

இங்கேதான் வணிக மதிப்பு என்ற வாதம் நுழைகிறது. வெறும் நான்கு ஆட்டங்கள் ஆடிய அந்தப் பருவத்திலும் ஹில் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார் என்பது உண்மை. அவர் பெயருக்கு மக்களிடம் இருந்த ஈர்ப்பு அடிபட்ட பிறகும் குறையவில்லை. ஆனால் அந்த ஈர்ப்பு யாருக்குப் பணமாக மாறுகிறது என்று கேட்க வேண்டும். என்.பி.ஏ.வில் நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. நாடெங்கும் விற்கும் பெயர் பொறித்த சட்டைகளின் உரிம வருமானமும் அப்படியே. ஒரு வீரரின் சட்டை எவ்வளவு விற்றாலும் அவருடைய அணிக்குப் பெரும் பங்கு வந்துவிடுவதில்லை. அணிக்கென்று தனியாக வருவது அரங்கின் நுழைவுச்சீட்டு, உள்ளூர் ஒளிபரப்பு, உள்ளூர் விளம்பரதாரர் ஆகியவைதான். இவை மூன்றும் வீரர் களத்தில் இருப்பதையும் அணி வெல்வதையும் நம்பி இருப்பவை. கோட்டு சூட்டு அணிந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்க யாரும் இரண்டாம் முறை சீட்டு வாங்குவதில்லை.

இதைவிடக் கனமான இழப்பு வேறொன்று. உட்கார்ந்திருக்கும் வீரரின் ஊதியமும் உச்சவரம்புக் கணக்கில் ஏறுகிறது. கொடுத்த பணத்தை ஓர் உரிமையாளர் பொறுத்துக்கொண்டாலும், அந்த இடத்தில் வேறொரு நல்ல வீரரைக் கொண்டுவர விதி இடம் தருவதில்லை. மெக்கிரேடி தனியாளாக அணியைச் சுமந்தார். 2003-04இல் ஆர்லாண்டோ 61 ஆட்டங்களில் தோற்றது. அந்தக் கோடையில் மெக்கிரேடியும் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். மறுபுறம், 2000இல் ஹில்லை ஆர்லாண்டோவுக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தவர்கள் பென் வாலஸும் சக்கி ஆட்கின்ஸும். காலணி விளம்பரத்துக்கு அன்று யாரும் வாலஸைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். அவரை நடுவில் நிறுத்தித் தடுப்பாட்டத்தைக் கட்டிய டெட்ராய்ட் 2004இல் கோப்பையை வென்றது.

இந்தக் கணக்கைப் போடும்போது ஹில்லை ஒரு நட்ட எண்ணாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2003இல் அந்தக் கணுக்காலை மறுபடி உடைத்துச் சீரமைத்த அறுவை சிகிச்சைக்குப் பின் கடுமையான தொற்று ஏற்பட்டு, அவர் உயிருக்கே ஆபத்து வந்தது. மாதக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொண்டார். அதிலிருந்து மீண்டு 2004-05இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.7 புள்ளிகள் எடுத்து, மறுபடி ரசிகர் வாக்கால் நட்சத்திர ஆட்டத்துக்குப் போனார். முதல் முறிவு முழுதாக ஆறும் முன் அவர் களத்துக்குத் திரும்பியதற்கு, பெரிய ஒப்பந்தத்தின் எதிர்பார்ப்பும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். பெயரை விற்க வேண்டும் என்ற அவசரம் அந்தப் பெயருக்குரிய உடலைத்தான் முதலில் பதம் பார்க்கிறது.

2007இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி அவரை ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கும் குறைவான ஊதியத்தில் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் எந்த விளம்பரச் சுமையும் இல்லாமல், எதிரணியின் சிறந்த வீரரைத் தடுக்கும் வேலையை ஏற்றார். 2008-09இல் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். அவருடைய வாழ்வில் அது முதல்முறை. அடுத்த இரு பருவங்களில் 81, 80. 2010இல் அணி மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்றுவரை சென்றது. அதே மனிதர், அதே கணுக்கால், வயது மட்டும் கூடியிருந்தது. காயப்பட்டவரை வைத்துக்கொள்வது தவறல்ல என்பதற்கு இந்த ஆண்டுகளே சான்று. அவர் ஆடக்கூடிய ஆட்டத்துக்கு ஏற்ற விலை கொடுத்தால் போதும், பெயரின் விலையை அணி கொடுக்க வேண்டியதில்லை.

அந்த விலையைக் கொடுக்கத் தகுதியானது காலணி நிறுவனம். ஃபிலாவும் ஹில்லும் இடையில் பிரிந்தார்கள். 2018இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் அவர் சேர்க்கப்பட்ட அதே ஆண்டில், நிறுவனம் அவருக்கு வாழ்நாள் ஒப்பந்தம் அளித்தது. அவர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காலணி விற்க அவர் ஓட வேண்டியதில்லை. அவர் ஓடியதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருந்தால் போதும். நினைவுக்கு ஊதிய உச்சவரம்பு கிடையாது, அது இன்னொரு வீரரின் இடத்தையும் அடைப்பதில்லை.

இனி காலணிக்கே வருகிறேன். அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் சிமெண்ட் தரையில் நீண்ட நேரம் நின்றாலும் குதிகால் வலிப்பதில்லை. தோல் முதல் இரு வாரங்கள் விறைப்பாக இருந்து, பின் காலின் வடிவுக்கு இணங்கிவிட்டது. பக்கவாட்டில் திரும்பும்போது பாதம் உள்ளே நழுவுவதில்லை. 1990களின் வடிவமைப்பு என்பதால் இன்றைய ஆட்டக் காலணிகளைவிடக் கனமானது. வேகமாக முழு ஆட்டம் ஆடுபவர்கள் இதற்குப் பதிலாகப் புதிய தலைமுறைக் காலணி ஒன்றைத் தேர்வதே சரி. மாலையில் அரை மணி நேரம் பந்தெறிந்து பழகுபவர்களுக்கும், அன்றாடம் நடப்பவர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

இதே வடிவம் ஹில்லின் பெயர் இல்லாமல் ஃபிலா 96 என்றும் விற்கப்பட்டிருக்கிறது. தோலும் தையலும் ஒன்றேபோல் இருந்தாலும், இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் அவர் பெயருள்ளதையே எடுப்பேன். அந்தப் பெயருக்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும் எனக்குத் தயக்கமில்லை.